ஆள்புலக் காலத்தின் இரு வாக்குறுதிகள்: வாஷிங்டன் மாநில வரலாறு கற்பித்தல்

ஒரு நாட்டின் பெருவரலாற்றைக் கற்கப் புகுமுன், தான் பிறந்து வாழும் நிலப்பகுதியின் வரலாற்றை மாணவன் அறிந்திருத்தல் வேண்டும் என்பது கல்வியாளர் பலருக்கும் உடன்பாடான கொள்கையாகும். ஐக்கிய அமெரிக்காவிலே இக்கொள்கை பாடத்திட்டத்தில் நிலையான இடத்தைப் பெற்றுள்ளது. அந்நாட்டின் வடமேற்கு மூலையிலே பசிபிக் மாகடலை அடுத்துள்ளது வாஷிங்டன் மாநிலம். தலைநகரின் பெயரும் அதுவேயாயினும் இரண்டும் வெவ்வேறிடங்கள். இம்மாநிலத்திற் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் ஏழாம் வகுப்பிலே தம் மாநில வரலாற்றைப் பயில்கின்றனர். அப்பாடத்தின் நடுப்பகுதியாய் அமைவது 1853 முதல் 1889 வரையுள்ள ஆள்புலக் காலமாகும். அக்காலத்தை எவ்வாறு கற்பித்தல் தகும் என்னும் வினா எளிதுபோலத் தோன்றினும் எளிதன்று.

ஆள்புலம் என்பது யாது? மாநிலம் என்னும் நிலையை இன்னும் எய்தாது, மத்திய அரசின் நேராட்சியில் இருந்த நிலப்பகுதியே ஆள்புலம் எனப்பட்டது. இம்முறைக்கு அடிகோலியது 1787ஆம் ஆண்டின் வடமேற்குச் சட்டம். ஆள்புலத்தின் தேசாதிபதியையும் நீதிபதிகளையும் குடியரசுத் தலைவரே நியமித்தார். மக்கள் தெரிந்தனுப்பும் பேராளர் ஒருவர் காங்கிரசில் அமர்ந்து பேசலாம்; வாக்களித்தல் இயலாது. குடியரசுத் தலைவரைத் தெரியும் உரிமையும் ஆள்புலத்தார்க்கு இல்லை. எனினும் இந்நிலை என்றும் நீடிப்பதன்று. 1787ஆம் ஆண்டுச் சட்டம் 60,000 குடிகள் என்னும் அளவைக் குறித்து, அவ்வளவை எய்திய பகுதி ஏனைய மாநிலங்களோடு சமநிலையிற் சேரலாம் என விதித்தது. ஆகவே ஆள்புலம் என்பது குடியேறியவர்க்கு அரசு அளித்ததொரு வாக்குறுதி எனலாம்.

வாஷிங்டனில் அவ்வாக்குறுதி செவ்வனே நிறைவேறியது. 1846இல் ஐக்கிய அமெரிக்காவும் பிரித்தானியாவும் செய்துகொண்ட உடன்படிக்கையால் 49ஆம் அகலக்கோடு எல்லையாயிற்று. 1848இல் ஒறிகன் ஆள்புலம் அமைந்தது. அதன் வடபகுதி மக்கள் 1852 நவெம்பரில் மொன்ரிசெல்லோ என்னும் ஊரிற் கூடித் தமக்குத் தனி ஆள்புலம் வேண்டுமென விண்ணப்பித்தனர். அவர் விரும்பிய பெயர் கொலம்பியா. காங்கிரசு இட்ட பெயரோ முதற் குடியரசுத் தலைவரின் பெயர். 1853 மார்ச்சு 2ஆம் நாள் வாஷிங்டன் ஆள்புலம் தோன்றியது. ஒவ்வொரு நகர்ப்பிரிவிலும் உள்ள முப்பத்தாறு சதுரமைல்களில் 16ஆவதும் 36ஆவதும் பாடசாலைகளுக்கென ஒதுக்கப்பட்டன. 1861இற் சியாற்றிலிற் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. 1883இல் புகைவண்டிப் பாதை கிழக்கு நகரங்களோடு இணைப்பை உண்டாக்கியது. 1880இல் ஏறத்தாழ 75,000 ஆக இருந்த குடித்தொகை பத்தாண்டுகளில் மூன்றரை இலட்சமளவிற்கு உயர்ந்தது. 1889 நவெம்பர் 11ஆம் நாள் வாஷிங்டன் நாற்பத்திரண்டாவது மாநிலமாயிற்று.

இங்ஙனம் சொல்லப்படும் வரலாற்றிற் பொய் ஒன்றும் இல்லை. ஆயினும் அது பாதி வரலாறே. அதே அரசு, அதே ஆண்டுகளில், அதே நிலத்தில் மற்றொரு வாக்குறுதியையும் அளித்தது. அது அந்நிலத்தின் முதுகுடிகளுக்கு அளிக்கப்பட்டது.

முதலாவது தேசாதிபதியாக வந்த ஐசாக் ஸ்டீவன்சுக்கு அப்போது வயது முப்பத்தைந்து. அவர் ஒருங்கே மூன்று பொறுப்புகளை ஏற்றிருந்தார். ஆள்புலத்தை ஆள்பவர் அவரே. முதுகுடிகளின் நலன்பேணும் மேற்பார்வையாளர் அவரே. வடபுலப் புகைவண்டிப் பாதைக்கு நிலம் அளந்த குழுவின் தலைவரும் அவரே. நிலம் பெற விழைவோரின் தலைவனும், நிலம் உடையோரின் காவலனும் ஒருவராயிருந்தமை பின்விளைந்த இடர்களுக்கெல்லாம் வித்தாயிற்று.

1854 டிசெம்பர் 26ஆம் நாள் மெடிசின் கிறீக் என்னும் ஓடைக்கரையில் நிஸ்குவாலி, புயாலப், ஸ்குவாக்சின் முதலிய குடிகளோடு உடன்படிக்கை எழுதப்பட்டது. அக்குடிகள் இருபது இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை விட்டுக்கொடுத்தன. ஈடாக இருபது ஆண்டுகளிற் சிறிது சிறிதாகக் கொடுபடும் 32,500 டொலரும், ஒவ்வொன்றும் 1,280 ஏக்கர் அளவான மூன்று ஒதுக்குநிலங்களும் குறிக்கப்பட்டன. வழக்கமாக மீன்பிடித்து வந்த இடங்களிலெல்லாம் ஏனைக் குடிமக்களோடு ஒப்ப மீன்பிடிக்கும் உரிமையும் உறுதிசெய்யப்பட்டது. உடன்படிக்கை ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. அது குடித்தலைவர்களுக்கு விளக்கப்பட்டதோ சினூக் என்னும் வணிகக் கலப்புமொழியில். சில நூறு சொற்களே கொண்டு, பண்டமாற்றுக்குப் பயன்பட்ட அம்மொழியில் நிலவுரிமை பற்றிய சட்ட நுணுக்கங்கள் எவ்வளவு தெளிவாயிருக்கும் என்பதை எவரும் ஊகிக்கலாம்.

நிஸ்குவாலித் தலைவர் லெஷாயின் பெயருக்கு எதிரே கைக்குறி ஒன்று காணப்படுகின்றது. அதனை அவர்தாம் இட்டாரா என்பது இன்றளவும் வாதத்துக்குரியது. ஆற்றங்கரையை இழந்த தம் குடிக்கு மேட்டுநிலம் வாழ்விடமாகாதென அவர் எதிர்த்தார். 1855இற் போர் மூண்டது. 1856 ஆகஸ்டில் ஸ்டீவன்ஸ் மீண்டும் குடிகளைச் சந்தித்து, ஒதுக்குநிலங்கள் சிலவற்றை விரிவாக்க இசைந்தார். லெஷாய்க்கோ அதனாற் பயன் விளையவில்லை. போரில் இறந்த குடிப்படை அதிகாரி ஒருவரைக் கொலைசெய்தார் என அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. முதல் விசாரணையில் யூரர் ஒருமுடிவுக்கு வரவில்லை. இரண்டாவதில் அவர் குற்றவாளியாகக் காணப்பட்டார். 1858 பெப்ரவரி 19ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். 2004ஆம் ஆண்டு டிசெம்பரில், மாநிலத் தலைமை நீதிபதியின் தலைமையிற் கூடிய வரலாற்று விசாரணை மன்றம், போர்க்களத்து நிகழ்ச்சிக்காக அவரைக் கொலைவழக்கில் நிறுத்தியதே தகாது என ஒருமனதாக முடிவு கூறியது. அம்முடிவு சட்டவலு உடையதன்று. எனினும் நூற்றாண்டு கடந்த ஒரு பழி அன்று துடைக்கப்பட்டது.

மீன்பிடி உரிமையின் கதையும் இத்தகையதே. மாநிலம் அமைந்தபின், முதுகுடியினர் தம் பழைய துறைகளில் வலைவீசியமைக்காகக் கைதுசெய்யப்பட்டனர். நிஸ்குவாலி குடியைச் சேர்ந்த பில்லி பிராங்க் 1945இற் பதினான்கு வயதில் முதன்முறை கைதானார். பின்னர் ஐம்பது தடவைக்கு மேற் கைதானார். 1974 பெப்ரவரி 12ஆம் நாள் நீதிபதி ஜோர்ஜ் போல்ட் அளித்த தீர்ப்பு, 1854இன் சொற்களை நுணுகி ஆராய்ந்து, பிடிக்கத்தக்க மீனிற் பாதிவரை உடன்படிக்கைக் குடிகளுக்கு உரியதென விதித்தது. 1979இல் நாட்டின் உயர் நீதிமன்றமும் அதனைப் பெரும்பாலும் உறுதிசெய்தது. குடியேறியவர்க்கு அளித்த வாக்குறுதி முப்பத்தாறு ஆண்டுகளில் நிறைவேறியது. முதுகுடிகளுக்கு அளித்த வாக்குறுதியின் ஒரு பகுதி நிறைவேற ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகள் சென்றன. இவ்விரண்டையும் ஒரே பாடத்தில் அருகருகே வைத்துக் காட்டுவதே ஆள்புலக் காலம் கற்பிப்போரின் முதற்கடன்.

மாநில அரசும் இவ்வுண்மையைக் காலந்தாழ்த்தியேனும் ஏற்றுக்கொண்டது. டுலாலிப் குடியைச் சேர்ந்த சட்டசபை உறுப்பினர் ஜோன் மக்கோயின் முயற்சியால், முதுகுடிகளின் வரலாற்றைக் கற்பிக்குமாறு 2005இல் ஒரு சட்டம் பாடசாலைகளை ஊக்குவித்தது. 2015இல் வேறொரு சட்டம் அதனைக் கட்டாயமாக்கியது. 'நினைவுக்கெட்டாத காலந்தொட்டு' எனப் பொருள்படும் பெயருடன் அமைந்த பாடத்திட்டம், குடிகளோடு கலந்து உருவாக்கப்பட்டது.

இனிக் கற்பிக்கும் முறையை நோக்குதல் தகும். மெடிசின் கிறீக் உடன்படிக்கை சிலபக்க அளவினது; ஆசிரியர் துணையோடு ஏழாம் வகுப்பு மாணவர் அதனை முழுதும் படித்தல் கூடும். அதிலுள்ள எண்களே பல உண்மைகளைப் புலப்படுத்தும். மூன்று ஒதுக்குநிலங்களும் சேர்ந்து 3,840 ஏக்கர். கொடுக்கப்பட்ட நிலத்தில் ஐந்நூற்றில் ஒரு பங்கினும் குறைவு. 1850ஆம் ஆண்டின் நிலக்கொடைச் சட்டப்படி, அவ்வாண்டு டிசெம்பருக்கு முன் வந்து குடியேறிய கணவன் மனைவியர்க்கு 640 ஏக்கர் இலவசமாகக் கிடைத்தது. ஆகவே இரண்டு குடும்பங்கள் பெறக்கூடிய நிலமே ஒரு குடி முழுவதற்கும் ஒதுக்கப்பட்டது. இதனை ஆசிரியர் எடுத்துரைத்தலினும் மாணவர் தாமே கணக்கிட்டுக் காணுதல் சிறந்தது.

ஈண்டு ஒரு தடை எழுப்பப்படலாம். அக்காலத்தாரை இக்கால அறத்தால் அளத்தல் முறையோ என்பதே அது. இத்தடைக்கு விடை அக்காலத்திலேயே உண்டு. லெஷாயின் முதல் வழக்கில் யூரராயிருந்த எஸ்ரா மீக்கர் என்னும் குடியேற்றக்காரர் அவரைக் குற்றவாளி எனக் கூற மறுத்தார். படையதிகாரி ஓகஸ்ற் கௌற்ஸ் அவருக்காக வாதாடப் பத்திரிகையே வெளியிட்டார். போர்வீரரைத் தூக்கிலிடல் தகாதெனக் கருதிய படையினர் தம் கோட்டையில் அத்தண்டனை நிறைவேற இடங்கொடுக்கவில்லை. 1856இல் ஸ்டீவன்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தபோது அதனை எதிர்த்த நீதிபதி லாண்டர் சிறைப்பட்டார். நேர்மை அன்றும் அறியப்பட்டதே. சிலர் அதனைக் கைக்கொண்டனர், சிலர் கைவிட்டனர்.

ஸ்டீவன்சை வெறுங்கொடியவராகக் காட்டுதலும் பிழையே. அவர் 1862 செப்டெம்பர் முதலாம் நாள், உள்நாட்டுப் போரில் ஒன்றியப் படையின் பக்கம் நின்று களத்தில் உயிர்துறந்தார். ஒரு மனிதரிடம் வீரமும் அநீதியும் ஒருங்கே இருத்தல் கூடும் என்பதை மாணவர் உணர்வது வரலாற்றறிவின் தொடக்கமாகும். 1883இற் பெண்களுக்கு வாக்குரிமை அளித்த ஆள்புலத்தின் நீதிமன்றமே 1887இல் அதனைப் பறித்தது. 1910வரை அது மீளவில்லை. புகைவண்டிப் பாதை அமைக்க உழைத்த சீனர் 1885 நவெம்பரில் ரக்கோமா நகரிலிருந்து துரத்தப்பட்டனர். மாநிலமாக உயர்ந்த ஏணியில் எல்லாரும் ஏறவில்லை என்பதற்கு இவை சான்றாகும்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு இவை தாங்கொணாப் பாரமாகும் என்பர் சிலர். ஆனால் வாக்குக் கொடுத்தலும் அதனைத் தவறுதலும் யாதென்பதைப் பிள்ளைகள் நன்கு அறிவர். விளையாட்டிடத்தில் நாள்தோறும் அவர்கள் தீர்க்கும் வழக்கு அதுவே. அன்றியும், வாஷிங்டனில் மத்திய அரசு ஏற்றுள்ள இருபத்தொன்பது குடிகள் இன்றும் வாழ்கின்றன. குடியேறியோரின் வழித்தோன்றலும் உடன்படிக்கையிற் குறியிட்டோரின் வழித்தோன்றலும் ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் அமர்ந்திருத்தல் கூடும். ஸ்டீவன்சின் பெயர் தாங்கிய மாவட்டமும் லெஷாயின் பெயர் தாங்கிய பாடசாலையும் ஒரே மாநிலத்தில் உள்ளன. அப்பெயர்கள் இரண்டுக்கும் உரிய பொருளை இரு பிள்ளைகளும் ஒருங்கே அறியும்போதே அம்மாநிலத்தின் வரலாறு இருவர்க்கும் பொதுவுடைமையாகும்.