சில்லின் அகலமும் அச்சின் வலிமையும்

திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்லும் பெருவழியிலே, மூதூருக்குத் தெற்கே, நெல்வயல்கள் சூழ அமைந்த ஊர் கிளிவெட்டி. மாரி தொடங்கி வயல்கள் சேறாகும்போது, உழவு இயந்திரத்தின் பெரிய பின்சில்லுகளை ஒட்டி இரும்பினாலான கூண்டுச் சில்லுகளையும் பூட்டி உழுவது அப்பகுதி உழவரின் வழக்கம். மெல்லிய சில்லு சேற்றிலே புதையும், அகன்ற சில்லு பாரத்தைப் பரப்பி மிதந்து செல்லும் என்பதை அவர்கள் நூல் கற்று அறிந்தவரல்லர், அநுபவத்தால் அறிந்தவர். உழவு முடிந்து இயந்திரம் தார் வீதியில் ஏறுமுன் அக்கூண்டுச் சில்லுகளைக் கழற்றி வைப்பதும் அதே அநுபவத்தின் பாடமேயாகும். சில்லின் அகலம் நிலத்துக்கும் வேலைக்கும் ஏற்ப அமைதல் வேண்டும் என்னும் இவ்வுண்மைக்கு நெடியதொரு வரலாறு உண்டு.

நம் நாட்டு மாட்டுவண்டிச் சில்லு குடம், ஆரக்கால், வட்டை என்னும் உறுப்புக்களால் இயன்றது; வட்டையைச் சுற்றி இரும்புப் பட்டை இறுக்கப்பட்டிருக்கும். ஒடுங்கிய அப்பட்டை ஈர நிலத்திலே கத்திபோல் இறங்கும். இங்கிலாந்தின் வீதிகளும் இவ்வாறே பாழாயின. ஆதலின் 1753ஆம் ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றிற்று. சுங்கவரி வீதிகளிற் செல்லும் பாரவண்டிகளின் சில்லுகள் 9 அங்குல அகலம் உடையனவாதல் வேண்டும் என்பதே அதன் சாரம். பின்னர் அகன்ற சில்லுகளுக்கு வரிச்சலுகையும் அளிக்கப்பட்டது. ஆயின் விளைந்தது யாது? வண்டி செய்வோர் சில்லை அகலமாக்கினர்; ஆனால் அதனைக் கூம்பு வடிவிற் சாய்த்து அமைத்தனர். அத்தகைய சில்லு சீராக உருளாது தரையைத் தேய்த்து அரைத்தது. சட்டம் கேட்ட அகலம் கிடைத்தது. சட்டம் நாடிய பயன் கிடைத்திலது.

காற்றடைத்த சில்லின் கதை இதற்குப் பிற்பட்டது. றொபேட் வில்லியம் தொம்சன் என்னும் ஸ்கொத்லாந்தியர் 1845ஆம் ஆண்டிலேயே அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். எனினும் உலகம் அதனை மறந்தது. 1888ஆம் ஆண்டில் பெல்பாஸ்ற் நகரிலிருந்த மிருக வைத்தியர் ஜோன் பொய்ட் டன்லப், தம் மைந்தனின் மூன்றுசில்லு வண்டிக்காக அதனை மீண்டும் கண்டார். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 1876ஆம் ஆண்டில், பிரேசில் நாட்டு விதைகளிலிருந்து முளைத்த றப்பர்க் கன்றுகள் கியூ பூங்காவிலிருந்து இலங்கைக்கு வந்து கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடையில் நடப்பட்டிருந்தன. கண்டுபிடிப்பு அயர்லாந்திலே தழைக்கு முன்னரே அதற்கு வேண்டிய மரம் ஈழ மண்ணிலே வேரூன்றிவிட்டது எனலாம்.

முற்காலத்து விளையாட்டுக் கார்களின் சில்லுகள் மெலிந்தவை. 1945ஆம் ஆண்டில் வெளிவந்த எம்.ஜி. ரி.சி. என்னும் காரின் கம்பிச் சில்லு 19 அங்குல விட்டமும், டயர் நாலரை அங்குல அகலமும் உடையன. 1962ஆம் ஆண்டின் எம்.ஜி.பி. காருக்கும் 5.6 அங்குல டயரே பொருத்தப்பட்டது. ஆனால் அதே பத்தாண்டில் ஓட்டப்பந்தயக் களத்திலே பெருமாற்றம் நிகழ்ந்தது. டயர் செய்யும் நிறுவனங்கள் ஒன்றையொன்று முந்த முயன்றதன் பயனாகச் சில்லுகள் ஆண்டுதோறும் அகன்றன. 1970ஆம் ஆண்டளவில் முதல்தரப் பந்தயக் கார்களின் பின்சில்லு ஓரடி அகலத்தைக் கடந்தது. 1964ஆம் ஆண்டில் மொன்ரே கார்லோ போட்டியிலே சின்னஞ்சிறிய மினி கூப்பர் வெற்றி வாகை சூடியபின், தத்தம் கார்களுக்கும் அகன்ற சில்லு பூட்டும் ஆவல் இளைஞரிடையே பரவிற்று. அக்காரின் வலிய வகைக்கு மூன்றரை அங்குலச் சில்லோடு நாலரை அங்குலச் சில்லும் விரும்புவோர்க்கு வழங்கப்பட்டது. அந்த ஓரங்குல வேறுபாடே அக்காலத்திற் பெரிதாக மதிக்கப்பட்டது.

நம் நாடுகளும் இவ்வார்வத்துக்குப் புறம்பாக இருக்கவில்லை. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934ஆம் ஆண்டிலே தொடங்கியது. போர்க்காலத்தில் அமைந்த விமானத் தளங்களான களுத்துறையை அடுத்த கட்டுக்குருந்தையும், சென்னையை அடுத்த சோழவரமும் பிற்காலத்திற் பந்தயத் திடல்களாயின. சோழவரத்திலே பியட், அம்பாசடர் முதலிய உள்நாட்டுக் கார்களே மாற்றியமைக்கப்பட்டு ஓடின. இலங்கையிலோ, 1960ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியாற் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. அதனால் முன்னர் வந்த ஆங்கிலக் கார்கள் பல்லாண்டு பேணப்பட்டன. அவற்றுக்குரிய மெல்லிய டயர் கடைகளில் அருகியபோது, கிடைத்த அகன்ற டயரைப் பூட்டுவது சிலர்க்கு அலங்காரமன்று, தேவையே ஆயிற்று.

அகன்ற டயர் தரையைத் தொடும் பரப்பை மிகுவிக்கும் என்பது பலரின் எண்ணம். கணக்கோ வேறு கூறும். ஒரு சில்லின்மேல் 550 இறாத்தல் பாரம் உளது; டயரின் காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 25 இறாத்தல் எனின், தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 22 சதுர அங்குலமே. டயரை அகலமாக்கி அழுத்தத்தை மாற்றாதுவிடின் பரப்பு பெரிதும் மாறாது. அதன் வடிவே மாறும். நீளம் குறைந்து அகலம் கூடும். இதனால் வளைவுகளிற் கார் சுக்கானுக்கு விரைவாகப் பணியும். ஆயின் மழைநீர் தேங்கிய வீதியிலே, அகன்ற டயர் நீரை விலக்க மாட்டாது அதன்மேல் மிதந்து வழுக்கும் அபாயமும் கூடும்.

இதனினும் பெரிய இடர் கண்ணுக்குத் தோன்றாதது. 5.6 அங்குலம் என்பது ஏறத்தாழ 142 மில்லிமீற்றர். அவ்விடத்தில் 185 மில்லிமீற்றர் டயரைப் பூட்டுவதற்குச் சில்லை வெளிப்புறமாக நகர்த்தினால், பாரம் தாங்கும் புள்ளி அச்சின் தாங்கியிலிருந்து விலகும். நெம்புகோலின் கை நீண்டதுபோல், தாங்கிக்கும் சுக்கான் மூட்டுகளுக்கும் சுமை மிகும், சுக்கான் கனக்கும், கம்பிச் சில்லாயின் கம்பிகள் முறியும். உட்புறமாக நகர்த்தினாலோ டயர் வில்லிலும் தகட்டிலும் உராயும். சில்லின் முழு விட்டம் மாறின் வேகமானி பொய் கூறும். மெல்லிய டயரின் பிடியை எண்ணி அமைத்த பழைய உடற்சட்டம், புதிய பிடியின் வலிமையைத் தாங்காது வெடிப்பதும் உண்டு.

ஆகவே பழைய காரைப் பேணுவோர் அளவறிந்து மாற்றுதல் நன்று. முழு விட்டம் மாறாது காத்தலும், சில்லின் நடுக்கோடு அச்சினின்றும் விலகாது காத்தலும், அகலத்தைச் சிறிதளவே கூட்டுதலும், கழற்றிய மூலச் சில்லுகளை எறியாது வைத்தலும் அறிவுடையார் செயல். பிற்காலத்தார் அக்காரின் உண்மை வடிவை அறிதற்கு அச்சில்லுகளே சான்றாகும்.

மயிலிறகேயாயினும் அளவு கடந்து ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் எச்சரித்தார். ஏற்றும் பாரத்துக்கு அவர் கூறிய அளவு, பூட்டும் சில்லுக்கும் பொருந்தும். கூண்டுச் சில்லை வயலிற் பூட்டி வீதியிற் கழற்றும் கிளிவெட்டி உழவரின் செயலிலே இந்த அளவறிவு விளங்குகின்றது.