எல்லாரும் உட்கார ஒரு பெஞ்சு

1822-இல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ, ஜில்லா கலெக்டர்கள் எல்லாரிடமும் ஒரு கணக்குக் கேட்டார். உங்கள் ஜில்லாவில் எத்தனை பள்ளிக்கூடங்கள், எந்தெந்த சாதிப் பிள்ளைகள் படிக்கிறார்கள்? திருநெல்வேலியிலிருந்து போன பதிலில் 607 பள்ளிகள் இருந்தன. ஆண் பிள்ளைகள் 9,258 பேர்: பிராமணர் 2,016, அன்றைய ஏடு 'சூத்திரர்' என்று குறித்த பிரிவில் 2,889, முஸ்லிம்கள் 796. 'மற்ற சாதியார்' என்ற கடைசிக் கட்டத்தில்தான் அதிகம் பேர், 3,557. பெண் பிள்ளைகள் மிகச் சொற்பம்.

அக்கிரகாரத்துக்கு வெளியே எழுத்து எட்டவே இல்லை என்று நம்புகிறவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 'அந்தக் காலத்தில் எல்லாருக்கும் படிப்பு இருந்தது' என்று பூரிப்பவர்களும்தான். பள்ளிக்கு வந்தவர்களைத்தான் கலெக்டர் எண்ணினார். யார் யார் ஒரே திண்ணையில் சேர்ந்து உட்கார்ந்தார்கள் என்பதை அந்தக் கட்டங்கள் சொல்லாது.

அந்தத் திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுத்து, பிறகு ஓலைச்சுவடி, எண்சுவடி மனப்பாடம். வாத்தியார் ஒருவரே, சின்னப் பிள்ளைகளை மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை பார்த்துக்கொள்வான். இந்த ஏற்பாடு கப்பலேறிய கதை சுவையானது. 1789 முதல் எழும்பூரில் ராணுவ அனாதை விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், இங்கே பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையையும் அங்கே நடத்திக் காட்டினார். ஊர் திரும்பி 1797-இல் இதை நூலாக்கினார். பிரிட்டன் அதை 'மதராஸ் முறை' என்று கொண்டாடியது. அவருடைய பணத்தில் அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1833-இல் எழுந்த 'மெட்ராஸ் காலேஜ்' இன்று ஊர்ப் பிள்ளைகள் எல்லாரையும் தேர்வு வைக்காமல் சேர்க்கும் அரசுப் பள்ளி. அந்தப் பெயர் மட்டும் மாறவில்லை.

நம் பக்கத்தில் கதை இவ்வளவு நேராகப் போகவில்லை. நம் அச்சன்புதூர் வட்டாரம் இரண்டு அரசுகள் முட்டிக்கொண்ட இடம். தென்காசி கும்பினி ஆட்சியில் இருந்தது. செங்கோட்டை திருவிதாங்கூர் மகாராஜாவுக்கு உட்பட்டது. மன்றோ கணக்குக் கேட்பதற்கு ஐந்து வருஷம் முன்பே, 1817-இல், திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய் மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று ஆணையிட்டிருந்தார். அப்போது ராணிக்கு வயது பதினைந்து இருக்கும். ஆணை பெரியது, நடப்பு வேறு. நூறு வருஷம் ஆகப்போகும் நேரத்திலும் அந்த ராஜ்யத்தில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளைப் பள்ளிக்குள் விடச் சொல்லி அச்சமூகத் தலைவர் அய்யன்காளி போராட வேண்டியிருந்தது. ஊருட்டம்பலத்தில் பஞ்சமி என்ற சிறுமியை அவர் பள்ளிக்கு அழைத்துப் போனதற்காக அந்தப் பள்ளிக்கே தீ வைத்தார்கள்.

1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. அதே வருஷம் காமராஜரின் மதிய உணவுத் திட்டம் எட்டயபுரத்தில் தொடங்கியது. மாடு மேய்த்த பையனிடம் 'ஏன் பள்ளிக்கூடம் போகலை?' என்று காமராஜர் கேட்க, 'சோறு நீயா போடுவே?' என்று அவன் திருப்பிக் கேட்டதாகச் சேரன்மாதேவிப் பக்கம் ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, அந்தத் திட்டத்தின் காரணம் முழுக்க அதில் இருக்கிறது. மூன்று வருஷம் முன்பு ராஜாஜி அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்று கொண்டுவந்த திட்டம் எதிர்ப்பில் அடிபட்டு, 1954-இல் காமராஜரால் கைவிடப்பட்டிருந்தது. தொழிலுக்கு அனுப்பவிருந்த பிள்ளையை இப்போது சோறு போட்டு உட்கார வைத்தார்கள்.

கட்டடத்துக்கும் பெஞ்சுக்கும் பணம்? கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர்களிடமே கேட்டார். 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் நிலம், பெஞ்சு, கடிகாரம், மணி என்று ஆளுக்கொன்று கொடுத்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் பள்ளிக்குக் கொடுப்பது இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. இலஞ்சி ராமசுவாமி பிள்ளை பள்ளி, தென்காசி ஈஸ்வரன் பிள்ளை பள்ளி என்று பெயர்ப்பலகைகளே அதைச் சொல்லும். இந்தப் பெயர்களை இன்று பையன்கள் இரண்டு மூன்று இங்கிலீஷ் எழுத்தாகச் சுருக்கி விட்டார்கள். கொடுத்தவர் யார் என்று பாதிப் பேருக்குத் தெரியாது.

1978-இல் கல்லூரியில் இருந்த பி.யு.சி. போய் பள்ளியிலேயே பிளஸ் டூ வந்தது. பதினோராம் வகுப்புக்குப் பிறகு கல்லூரி வாசலைத் தேடிப் போக வேண்டியிருந்த கிராமத்துப் பிள்ளையால் இனி பதினேழு வயது வரை உள்ளூரிலோ பக்கத்து ஊரிலோ படிக்க முடிந்தது. பெண் பிள்ளைகளுக்கு இது பெரிய காரியம். அதே மேல்நிலைப்பள்ளியில் கணக்கு, அறிவியல் குரூப்புகளோடு தொழிற்கல்விப் பிரிவும் இருந்தது. ஆனால் மார்க் குறைந்தவன்தான் அதற்குப் போவான் என்ற எண்ணம் சீக்கிரமே ஒட்டிக்கொண்டது.

இதற்குள் வசதி உள்ளவர்கள் தனியார் மெட்ரிகுலேஷன் பள்ளி வேனில் ஏறிவிட்டார்கள். ஸ்டேட் போர்டு, மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நாலு பாடத்திட்டம். அவற்றை ஒன்றாக்கும் சமச்சீர் கல்விச் சட்டம் 2010-இல் வந்தது. அடுத்த வருஷம் ஆட்சி மாறியதும் நிறுத்தப் பார்த்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2011 ஆகஸ்ட் 9 அன்று தீர்ப்பானது. அதுவரை ஏறத்தாழ இரண்டு மாதம் பிள்ளைகள் பாடப் புத்தகம் இல்லாமலே வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். பாடத்திட்டம் ஒன்றானது. கட்டணம் ஒன்றாகவில்லை, வேனும் நிற்கவில்லை.

மன்றோவின் கணக்கிலும் இல்லாத, காமராஜரின் பந்தியிலும் அதிகம் தென்படாத இன்னொரு கூட்டம் இருந்தது: நடக்க முடியாத பிள்ளைகள். அச்சன்புதூருக்கு அருகிலுள்ள ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 1975-இல் கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் அவர். ஐந்து பிள்ளைகளோடு கூரைக் கொட்டகையில் ஆரம்பித்த அந்தச் சங்கத்தின் பள்ளியில் பிறகு மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் படிக்கத் தொடங்கினார்கள்.