சங்கு வேலி: சம்பூரில் ஒரு முட்செடியின் அடையாளம்

எல்லாப் பற்றையும் ஒரே பற்றையல்ல என்று எனக்குச் சொல்லித்தந்தவர் சம்பூரில் ஒரு ஆச்சி. 2006இல் இடம்பெயர்ந்து, பத்து வருடங்களின் பின் காணிக்குத் திரும்பியவர். வீடு இல்லை. கிணறு தூர்ந்துவிட்டது. பெக்கோ இயந்திரம் வருவதற்கு முன், "சங்கு வேலி எங்க நிக்குதெண்டு பாருங்கோ பிள்ளை" என்றார். எனக்கு அப்போது சூரைக்கும் சங்குக்கும் வித்தியாசம் தெரியாது.

முட்சங்கு, இசங்கு, சங்கஞ்செடி என்றெல்லாம் அழைக்கப்படும் இச்செடிக்குத் தாவரவியலில் அசிமா டெட்ராகந்தா என்று பெயர். பெயரிட்டவர் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லமார்க். டெட்ராகந்தா என்பது கிரேக்கத்தில் நான்கு முள். ஒரு கணுவில் இரண்டு இலைகள் எதிரெதிராக இருக்கும். ஒவ்வொரு இலையின் கக்கத்திலும் பெரும்பாலும் இரண்டு முட்கள். ஆக, கணுவுக்கு நான்கு. இலை தடித்து விறைப்பானது, அதன் நுனியும் குத்தும். சூரையின் முள் வளைந்து சேலையைப் பிடித்து இழுக்கும். சங்கின் முள் நேரானது. கிளாவுக்கும் நேர் முள்தான், ஆனால் அதன் கிளையை ஒடித்தால் பால் வடியும், சங்கில் வராது. கடலோர வேலிகளில் நிற்கும் பீச்சங்குக்குப் பெயரில் மட்டுமே உறவு. அதில் முள்ளும் இல்லை, குடும்பமும் வேறு.

முட்சங்கின் குடும்பம் சல்வடோரேசியே. மிகச் சிறியது: அசிமா, சல்வடோரா, டொபேரா என மூன்று பேரினங்கள், ஏறத்தாழ ஒரு டசின் இனங்கள். முள் உள்ளது அசிமாவுக்கு மட்டுமே. மிஸ்வாக் குச்சி தரும் உகா மரம் சல்வடோரா பேரினத்தைச் சேர்ந்தது. கிண்ணியா, மூதூர் வாசகர்களுக்கு அந்தக் குச்சியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

இக்குடும்பத்தை எங்கே வைப்பது என்பதில் நீண்டகாலம் இழுபறி இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் ராபர்ட் வைட்டும், பேராதனைப் பூங்காவின் கண்காணிப்பாளராக இருந்த ஜோர்ஜ் கார்ட்னரும் அசிமாவைத் தனிக் குடும்பமாகவே பிரித்தார்கள். அது நிலைக்கவில்லை. 1998இல் வெளியான மரபணு அடிப்படையிலான வகைப்பாடு சல்வடோரேசியேயைக் கடுகு, முருங்கை, பப்பாசி ஆகியவற்றின் வரிசையில் சேர்த்தது. முருங்கை வேரைக் கடித்தால் ஏறும் காரத்துக்குக் காரணமான வேதிப்பொருள் வகை இவற்றுக்குப் பொதுவானது.

ஆச்சி தேடியது மூலையில் நின்ற "மலட்டுச் சங்கு". மற்றவை காய்க்கும், அது ஒருநாளும் காய்த்ததில்லையாம். அது மலடல்ல, ஆண் செடி. முட்சங்கில் ஆணும் பெண்ணும் தனித்தனிச் செடிகள். பெண் செடியில் மட்டுமே அந்த வெள்ளைப் பழங்கள் வரும். அன்று நிரையாகப் பழத்தோடு நின்றவற்றின் முடிவில், வெறுமையாக ஒன்று நின்றது. ஆச்சி அதன் அடியில் உட்கார்ந்துவிட்டார்.

பறவைகள் பழத்தைத் தின்று விதையைக் கண்டபடி போடும். எனவே தனியே நிற்கும் ஒரு சங்கை எல்லையென்று சொல்லமுடியாது. அடி தடித்து, நிரையாக நிற்பவற்றைப் பாருங்கள். அயலவரைக் கூட்டிக் காட்டுங்கள், படம் எடுத்து வையுங்கள். பெக்கோவை அதற்குப் பிறகு கூப்பிடலாம்.