மதிலுக்குள் மதில்: வடவேல்ஸில் எழுந்த கோட்டைகள்

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு வேல்ஸின் வடபகுதியில் எழுப்பிய கோட்டைகள், இடைக்கால ஐரோப்பாவின் அரண் கலைக்குத் தலைசிறந்த சான்றுகளாக மதிக்கப்படுகின்றன. 1282 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் லிவெலின் அப் கிரிஃபித் கொல்லப்பட்டபின், வென்ற நிலம் கைநழுவிப் போகாதிருக்க, 1283இல் கான்வி, ஹார்லெக், கெர்னார்வன் ஆகிய மூன்று இடங்களிலும் பணி தொடங்கியது. இவற்றுக்குத் தலைமை தாங்கிய செயின்ட் ஜார்ஜ் ஜேம்ஸ், ஆல்ப்ஸ் மலைப்பகுதியான சவோயிலிருந்து வந்த கட்டடக் கலைஞர். வட்டக் கோபுரங்களைச் சுற்றிச் சரிவாக ஏறும் சாரம் கட்டி, அதன் வழியே கல்லையும் சாந்தையும் மேலேற்றும் சவோய் முறை அவர் காலத்தில்தான் வேல்ஸுக்கு வந்தது. அச்சாரத்தின் மரங்களைச் செருகிய துளைகள் கான்வி, ஹார்லெக் கோபுரங்களில் இன்றும் காணப்படுகின்றன.

ஹார்லெக்கிலும், 1294ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் 1295இல் ஆங்கிள்சி தீவில் தொடங்கப்பட்ட பியூமாரிஸிலும், ஒரு மதிலுக்குள் மற்றொரு மதில் அமையும் இரட்டை மதில் அமைப்பு கையாளப்பட்டது. புறமதில் தாழ்வாகவும் உள்மதில் ஓங்கியும் இருந்ததால், உள்ளே நின்ற வில்லாளர் முன்னிருப்போரின் தலைக்கு மேலாகவே அம்பெய்ய முடிந்தது. புறமதிலைக் கடந்த பகைவரோ இரு மதில்களுக்கிடையே குறுகிய வெளியில் சிக்கிக்கொண்டனர். எனினும் முற்றுகையைத் தாங்குவதற்கு மதிலினும் முதன்மையானது உணவு வரும் வழி என்பதை அறிந்தே கோட்டைகள் கடலோரத்தில் அமைக்கப்பட்டன. பியூமாரிஸில் கப்பல் வாயிலருகே வந்து நிற்கத் துறை அமைந்தது. 1294 கிளர்ச்சியின்போது சூழப்பட்ட ஹார்லெக், கடல்வழி வந்த பொருள்களால் பிழைத்தது.

உறைபனியில் சுண்ணாம்புச் சாந்து சரிவர இறுகாதாகையால், கட்டுமானம் வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரையே நடந்தது. அச்சில மாதங்களுக்குள் முடிக்கவேண்டி ஆட்கள் பெருமளவில் திரட்டப்பட்டனர். 1296இல் ஜேம்ஸும் அவருடன் பொறுப்பிலிருந்த மற்றோர் அதிகாரியும் அரசுக் கருவூலத்துக்கு எழுதிய மடல், கல் செதுக்குவோரும் அடுக்குவோருமாக 400 கொத்தர்கள், 2,000 சிற்றாட்கள், 200 கல்லுடைப்போர், 30 கொல்லர்கள், 160 வண்டிகள், 30 படகுகள் எனப் பியூமாரிஸ் பணிக்கான தேவையைப் பட்டியலிட்டு, கூலி நிலுவையில் கிடப்பதால் ஆட்களை நிறுத்திவைப்பதே அரிதாகிவிட்டது என முறையிடுகிறது.

அதே ஆண்டில் ஸ்காட்லாந்துடன் போர் மூண்டு, அரசின் பணமும் கவனமும் அத்திசைக்குத் திரும்பின. பின்னர் 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பணி விட்டுவிட்டுத் தொடர்ந்தபோதும், பியூமாரிஸின் கோபுரங்கள் திட்டமிட்ட உயரத்தை எட்டவேயில்லை. நான்கு கோட்டைகளுள் வரைவமைப்பில் மிகச் செம்மையானது எனப் போற்றப்படும் இதுவே, பகைவரால் அன்றிக் கருவூலத்தின் வறட்சியால் நின்றுபோனது.