எஃகுப் பெட்டி

என் அத்தை 1956-க்குப் பிறகு ரயில் ஏறியதே இல்லை. மதுரையில் கல்யாணம் என்றாலும், திருச்சியில் கருமாதி என்றாலும் பஸ்ஸில்தான் போவாள். அந்த வருஷம் நவம்பர் 23-ஆம் தேதி விடியற்காலையில், அரியலூருக்கு அருகே மருதையாற்று வெள்ளம் பாலத்தை ஒட்டிய கரையை அரித்துவிட்டது. தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பொறுப்பேற்று ரயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி பதவி துறந்தார். அத்தை அந்த ரயிலில் போவதாக இருந்து, மழைக்குப் பயந்து வீட்டில் தங்கிவிட்டவள்.

சில வருஷங்களுக்கு முன், பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க எனக்கு அனுமதி கிடைத்தது. எழுதத் தொடங்கியிருந்த நாவலில் வெல்டிங் தொழிலாளி ஒருவன் வந்து உட்கார்ந்துகொண்டான். எனக்கோ இரும்புக்கும் எஃகுக்கும் வித்தியாசம் தெரியாது! அங்கே நெடுங்காலம் வெல்டிங் செய்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், பெரிய மனசு பண்ணி உடன் வந்தார்.

உள்ளே நுழைந்ததும் காதுதான் முதலில் தோற்றது. தலைக்கு மேலே கிரேன் ஒன்று, ஒரு பெட்டியின் பக்கச் சுவர் முழுவதையும் முறத்தைத் தூக்குவதுபோல் தூக்கிச் சென்றது. இன்னொரு மூலையில் நீலப்பொறி பறந்தது. "அதைப் பார்க்காதீங்க சார், ராத்திரி கண்ணிலே மணல் கொட்டினாப்பலே இருக்கும்" என்று பெரியவர் என் முகத்தைத் திருப்பிவிட்டார்.

இந்த ஆலைக்கு 1949-இல் ஸ்விட்சர்லாந்துக் கம்பெனி ஒன்றுடன் ஒப்பந்தமாயிற்று. 1955 அக்டோபர் 2-ஆம் தேதி பண்டித நேரு திறந்துவைத்தார். ஆண்டுக்கு 350 பெட்டிகள் என்பது திட்டம். பெட்டிகள் என்றால் வெறும் கூடுதான். பலகை, ஜன்னல், விளக்கு எல்லாம் வேறு பட்டறைகளில் பூட்டினார்கள். அந்த வேலைக்கென்று இங்கேயே தனிப் பிரிவு 1962-இல்தான் வந்தது.

அதற்கு முன்பு ஓடிய பழைய வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு அடியில் இரும்புச் சட்டம், மேலே மரக்கூடு. இரண்டு ரயில்கள் மோதினால் ஒரு பெட்டியின் சட்டம் அடுத்த பெட்டியின் மரத்தைப் பிளந்துகொண்டு உள்ளே புகுந்துவிடும். புது முறையில் தளம், சுவர், கூரை மூன்றையும் எஃகிலே செய்து, ஒன்றாகப் பற்றவைத்து, ஒரே குழாய் ஆக்கினார்கள். பாரத்தை எல்லாமே சேர்ந்து தாங்கும். எனக்கு விளங்கவில்லை என்பதைப் பெரியவர் முகத்திலேயே படித்துவிட்டார்.

"பனையோலைப் பெட்டி பார்த்திருக்கீங்களா? அதுக்குச் சட்டம் உண்டா? பின்னலேதான் சட்டம். அதுமாதிரிதான் சார்."

பொறியியல் புத்தகம் எழுதுகிறவர்கள் இவரிடம் ஒரு மாசம் பாடம் கேட்கலாம்.

அந்தப் பழைய வடிவமும் 2018 ஜனவரியில் இங்கே நின்றுபோயிற்று. விபத்தில் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும் குறை அதில் இருந்தது. அதைத் தடுக்கும் இணைப்புக் கொண்ட ஜெர்மானிய வடிவம் அதன் இடத்துக்கு வந்துவிட்டது. தாம் பற்றவைத்த பெட்டியின் குறையைப் பெரியவர் ஒளிக்காமல் சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது.

வெளியே வரும்போது கேட்டேன்: "ஐயா, அரியலூரில் அன்று ஓடியது உங்கள் பெட்டியாக இருந்திருந்தால்?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. கையுறை போட்டுப் போட்டு வெளுத்திருந்த விரல்களைத் தேய்த்துக்கொண்டார்.

"மோதலுக்குத்தான் சார் இந்தப் பெட்டி. ஆத்துக்கு இல்லை. கரையைப் பார்க்கிற வேலை வேறே ஆளுக்கு."

வில்லிவாக்கத்தில் மின்சார ரயில் ஏறினேன். கதவோரச் சுவரில் பெரம்பூர் ஆலையின் பெயர் பொறித்த சிறு தகடு இருந்தது. அதன் மேலே யாரோ பல்பொடி விளம்பரம் ஒட்டியிருந்தார்கள். நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். பாதிதான் வந்தது, அதற்குள் சென்ட்ரல் வந்துவிட்டது.