விழாமல் நிற்கும் வித்தை

மோகனூரில் காவிரிக் கரையில் கோயில் கொண்டிருக்கும் சிவபெருமானுக்கு அசலதீபேஸ்வரர் என்று திருநாமம். அசலம் என்றால் அசையாதது. ஆற்றங்கரைக் காற்று எப்படி வீசினாலும் கருவறைச் சுடர் ஆடாமல் நின்று எரியும் என்பது ஊராரின் நம்பிக்கை. சுடர் ஆடாமல் நிற்பது சரி. அதைக் கும்பிட வருகிற பெரியவர்களின் கால்கள் ஆடாமல் நிற்க என்ன வழி? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நான் புத்தகங்களைப் புரட்டியபோது, அது என்னைச் சீன தேசத்துக் கிராமம் ஒன்றுக்குக் கொண்டுபோய் விட்டது.

முதலில், விழுவது என்பதைச் சிறிய விஷயமாக எண்ணிவிட வேண்டாம். உலகில் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்ததனால் உயிரிழக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் மிகுதியானவர்கள் அறுபது பிராயத்தைக் கடந்தவர்கள். நம் வீடுகளிலோ, "வயசாயிடுச்சு, விழுந்துட்டாங்க" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறோம். முதலாவது நடந்தால் இரண்டாவதும் நடந்தே தீரும் என்பதுபோல!

விழுந்ததைவிடக் கொடியது, விழுந்துவிடுவோமோ என்ற பயம். ஒரு முறை தடுமாறிய பாட்டி மறுநாள் முதல் படித்துறையில் இறங்குவதில்லை. பிறகு கோயிலுக்கும் போவதில்லை. பிறகு வாசல் திண்ணைதான் எல்லை. நடமாட்டம் குறையக் குறையக் கால்களின் வலு குறைகிறது. வலு குறையவே மறுபடியும் விழுகிறாள். காவிரி நாலு தெருவுக்கு அப்பால் ஓடிக்கொண்டிருக்கிறது. அவளுக்கு மட்டும் அது காசியைப்போல் தொலைவாகிவிடுகிறது.

இந்த வளையத்தை அறுக்க உதவும் வித்தை ஒன்று சீனாவில் பிறந்தது. அதற்குத் தாய்ச்சி என்று பெயர். நம் பிள்ளைகள் கண்ணாமூச்சியில் ஓடிவந்து தொடுகிற தாச்சிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை! ஹெனான் மாகாணத்தில் சென் குடும்பத்தார் வாழ்ந்த கிராமத்தில், பதினேழாம் நூற்றாண்டில் சென் வாங்திங் என்ற போர்வீரர் வகுத்த சண்டைப் பயிற்சியிலிருந்து இது வளர்ந்தது என்பது வரலாற்றாசிரியர் பலரும் ஏற்கும் கருத்து. எதிரியின் பாரம் எந்தக் காலில் இருக்கிறதென்று அறிந்து, மெல்லத் தள்ளி, அவன் நிலை குலைந்து விழும்படி செய்வது அந்தக் கலையின் சூட்சுமம். தன் நிலை குலையாதவனுக்குத்தானே பிறரைக் குலைக்க முடியும்?

தலைமுறைகளாகக் குடும்பச் சொத்தாக இருந்த வித்தையை வெளியே கொண்டுவந்தவர் யாங் லூசான் என்பவர். 1799-ல் பிறந்து 1872-ல் மறைந்த இவர் சென் கிராமத்தில் கற்றுப் பீகிங் நகரத்தில் அரச குடும்பத்தாருக்குக் கற்பித்தார். அவருடைய பேரர் யாங் செங்ஃபூ, துள்ளலையும் உதைத்தலையும் தணித்து, எல்லா அசைவுகளையும் நிதானமாக்கினார். 1956-ல் சீன அரசாங்கத்தின் விளையாட்டுத் துறை, நீண்ட பாடத்தைச் சுருக்கி, ஆறு நிமிஷத்துக்குள் செய்து முடிக்கக்கூடிய 24 அசைவுகளாக்கியது. அதன்பின் பூங்காக்களில் விடியற்காலையில் தாத்தாக்களும் பாட்டிகளும் வரிசையாக நின்று பழகுவது சர்வசாதாரணமாயிற்று. எதிரியை வீழ்த்தப் பிறந்த கலை, முதியவர்கள் வீழாதிருக்கும் கலையாக மாறிய கதை இதுதான். 2020-ல் யுனெஸ்கோ நிறுவனமும் இதை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

பலன் உண்டா என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்து ஆராய்ச்சியாளர்கள் எழுபது வயதைக் கடந்த 200 பேரை மூன்று பிரிவாக்கிப் பதினைந்து வாரம் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்குத் தாய்ச்சி வகுப்பு. இன்னொன்றுக்குக் கம்ப்யூட்டர் இணைந்த சமநிலை மேடையில் பயிற்சி. மூன்றாவது பிரிவினர் கூடிப் பேசிப் பாடம் கேட்டதோடு சரி. 1996-ல் முடிவு வெளியாயிற்று. தாய்ச்சி பழகியவர்கள் திரும்பத் திரும்ப விழும் அபாயம் பாதியளவு, சரியாகச் சொன்னால் 47.5 சதவிகிதம், குறைந்திருந்தது. விழும் பயமும் தணிந்திருந்தது. விலையுயர்ந்த மேடையோ விழுவதைக் குறைக்கவில்லை! 2018-ல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில் 670 முதியவர்கள் பங்குகொண்டார்கள். கை கால்களை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட, சமநிலைக்கென்றே திருத்தியமைத்த தாய்ச்சியைப் பழகியவர்கள் 58 சதவிகிதம் குறைவாக விழுந்தார்கள்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. கண் பார்ப்பது, உட்காது உணர்வது, பாதமும் மூட்டுகளும் அறிவிப்பது ஆகிய மூன்றையும் கூட்டித்தான் மூளை நம்மை நிறுத்தி வைக்கிறது. வயதாக ஆக மூன்றும் மங்குகின்றன. முழங்காலைச் சற்றே மடக்கி, உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மெல்ல மெல்ல மாற்றி, கை போகும் வழியே கண்ணைச் செலுத்தி, இடுப்பைத் திருப்பும்போது இம்மூன்றுக்கும் தினசரி வேலை கிடைக்கிறது. நிதானமாகச் செய்வதுதான் இதில் கடினம். வேகமாக நடக்கிறவன் வேகத்தின் தயவில் தடுமாற்றத்தை மறைத்துக்கொள்ளலாம். மெல்ல நடக்கிறவனால் முடியாது.

இந்த இடத்தில் சில நண்பர்கள் குறுக்கிடுவார்கள். "சீனருக்கு இதெல்லாம் சொல்லிக்கொடுத்தவரே நம் காஞ்சிபுரத்துப் போதிதர்மர்தானே?" என்பார்கள். 2011-ல் வெளிவந்த ஏழாம் அறிவு திரைப்படத்துக்குப் பிறகு இந்தப் பெருமிதம் பெருகிவிட்டது. போதிதர்மர் தென்னிந்திய அரசகுமாரர் என்று ஒரு பழஞ்சீனக் குறிப்பு சொல்வது உண்மை. பாரசீகத்தவர் என்று வேறொரு குறிப்பு சொல்வதும் உண்மை. அவர் ஷாவோலின் மடத்துக்கு உடற்பயிற்சி கற்பித்ததாகச் சொல்லும் நூலோ, அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், 1624-ஐ ஒட்டி எழுந்தது. சீன அறிஞர்களே அதன் புளுகை வெளிப்படுத்திவிட்டார்கள். தாய்ச்சியோ ஷாவோலினுக்குப் புறம்பான பரம்பரை. பிறர் தோட்டத்துப் பழம் இனிக்கிறது என்றால் இனிக்கிறது என்று சொல்லிச் சாப்பிடலாமே. வேலியைத் தள்ளிப்போட வேண்டுமா?

அதற்காக நம் கை வெறுங்கை என்றும் நினைக்க வேண்டாம். கோயில் பிராகாரத்தில் அடிப்பிரதட்சிணம் செய்யும் பெண்களைக் கவனியுங்கள். ஒரு பாதத்தின் குதிகாலை மறு பாதத்தின் விரல் நுனியில் ஒட்டினாற்போல் வைத்து, அடிமேல் அடியாக நகர்கிறார்கள். ஒருவருடைய சமநிலையைச் சோதிக்க வைத்தியர்களும் அப்படியே ஒரு கோட்டின்மேல் நடக்கச் சொல்கிறார்கள்! வேண்டுதலுக்காக என்றோ ஒரு நாள் செய்வதை, அருகில் சுவரோ மகளின் தோளோ இருக்க, நித்தியப் பழக்கமாக்கிக்கொள்ள என்ன தடை?

தடை ஒன்றுதான்: தனியே செய்யத் தோன்றாது. கூட்டம் வேண்டும், முன்னால் நின்று எண்ணுவதற்கு ஒருவர் வேண்டும். இதை மோகனூருக்கு யாரும் உபதேசிக்க வேண்டியதில்லை. நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை 1888-ல் பிறந்தது இந்த ஊரில்தான். 1930-ல் ராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தபோது, வழி நெடுகப் பாடிச் சென்றது அவர் புனைந்த பாட்டை. தனி மனிதனுக்குத் தொலைவாகத் தெரிகிற பாதை, சேர்ந்து அடி வைக்கிறவர்களுக்குச் சுருங்கிவிடுகிறது.

தமிழ்நாடு இத்துறையில் பின்தங்கிய நாடு அல்ல. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-லேயே டாக்டர் வ. செ. நடராஜன் முதியோருக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கினார். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீடு தேடி வருகிறார்கள். விழுந்து முறிந்த பிறகு கவனிக்க ஆட்கள் இருக்கிறார்கள் என்பது நிம்மதிதான். விழுவதற்கு முன்னால் கவனிக்க வேண்டியவர்கள் நாம்.

அதற்குப் பெரிய செலவு இல்லை. வழுக்காத சமதரை, வாரத்தில் மூன்று காலை, பிடித்துக்கொள்ள நாற்காலிகள், பயிற்சி பெற்ற ஒருவர், இவ்வளவே. தலைச்சுற்றல் உள்ளவர்களும் சமீபத்தில் எலும்பு முறிந்தவர்களும் வைத்தியரைக் கேட்டுக்கொண்டு சேர வேண்டும். அசைவுகளின் பெயர் சீனமாக இருந்தால் என்ன, எண்ணிக்கை தமிழில் இருக்கட்டும். ஆடிப்பெருக்கன்று பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டி காவிரிப் படியில் இறங்கட்டும். விழுந்துவிடுவோமோ என்று அல்ல, பேரன் விழுந்துவிடுவானோ என்று பிடித்துக்கொண்டு.