நான்கின் எல்லைக்குள்: ஹிப் ஹாப்பும் தாள அளவுகளும்

ஹிப் ஹாப் இசையின் ஐம்பதாண்டு வரலாற்றை ஓர் எண்ணுக்குள் அடக்க வேண்டுமென்றால் அந்த எண் நான்கு. ஒரு சுற்றுக்கு நான்கு அடி. இரண்டாம் அடியிலும் நான்காம் அடியிலும் ஸ்னேர் முழக்கம். டேவ் ப்ரூபெக் குழுவினர் 1959இலேயே 'டேக் ஃபைவ்' வழியாக ஐந்தடித் தாளத்தை ஜாஸ் கேட்போரின் வீட்டு வரவேற்பறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பிங்க் ஃப்ளாய்ட் 1973இல் 'மணி' பாடலை ஏழடியில் அமைத்து வெற்றியும் கண்டது. அதே ஆண்டில் பிறந்த ஹிப் ஹாப் மட்டும் ஏன் நான்கை விட்டு நகரவில்லை? கற்பனை வறட்சி என்று எளிதாகச் சொல்லிவிடுவோர் உண்டு. வரலாற்றைப் புரட்டினால் விடை அத்தனை எளிதல்ல என்பது தெரிகிறது.

1973 ஆகஸ்டு 11 அன்று, நியூயார்க்கின் ப்ராங்க்ஸ் பகுதியில், 1520 செட்ஜ்விக் அவென்யூ என்னும் அடுக்ககத்தின் பொதுக்கூடத்தில் சிண்டி கேம்ப்பெல் ஒரு கொண்டாட்டத்தை ஏற்பாடு செய்தார். இசைத்தட்டுகளைச் சுழற்றியவர் அவருடைய அண்ணன், ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க். பாட்டும் பிற கருவிகளும் ஒதுங்கித் தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் 'ப்ரேக்' வரும்போதுதான் கூட்டம் உக்கிரமாக ஆடுகிறது என்பதை ஹெர்க் கவனித்திருந்தார். ஒரே இசைத்தட்டின் இரு படிகளை இரு சுழல்மேடைகளில் வைத்து, சில நொடிகளே நீடிக்கும் அந்தப் பகுதியை நிமிடக்கணக்கில் நீட்டும் உத்தியை அவர் வளர்த்தெடுத்தார். அவருக்குப் பின் வந்த கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ், தட்டின் மீது வண்ணக்கோலால் குறியிட்டு, சரியான இடத்துக்குத் தட்டைத் திருப்பிக் கொண்டுவரும் கணக்கைச் செம்மைப்படுத்தினார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இந்த இசையை உருவாக்கியது கேட்பவரின் காது மட்டுமல்ல, ஆடுபவரின் காலும்தான். ஒரு தட்டிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போது முதல் அடி முதல் அடியின் மீதே விழ வேண்டும். பிசகினால் ஆட்டம் அறுந்துவிடும். அவர்கள் தேர்ந்த ஜேம்ஸ் பிரவுனின் ஃபங்க் இசையோ ஒவ்வொரு சுற்றின் முதல் அடியிலும் அழுத்தத்தைக் குவித்து வைத்திருந்தது. நான்கு என்பது அங்கே இலக்கண விதியாக வரவில்லை, ஓர் உடன்படிக்கையாக வந்தது.

ஐந்தோ ஏழோ வந்தால் இந்த உடன்படிக்கைக்கு என்ன நேரும்? மிஸ்ர சாப்பில் பழகிய நம் காதுக்கு ஏழு ஒன்றும் புதிதல்ல. மூன்றும் நான்குமாகப் பிரித்துக்கொள்கிறோம். ஆனால் நாம் அமர்ந்து கையால் தாளம் போடுகிறோம். மாறி மாறி இரண்டு கால்களை ஊன்றி ஆடுபவருக்கு ஒற்றைப்படை எண் வேறொரு சிக்கலைத் தருகிறது: முதல் சுற்றின் முதல் அடியில் வலக்கால் விழுந்தால், அடுத்த சுற்றின் முதல் அடியில் இடக்கால் விழும். அடி விட்டு அடி ஸ்னேரைத் தொடர்ந்தால் அதுவும் தலைகீழாகிவிடும். பதினான்காவது அடி முடிந்த பிறகே எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பும். ராப் பாடகருக்கும் இதே இடர்ப்பாடுதான். நான்காம் அடியை ஒட்டி இயைபுச் சொல்லை வைத்துப் பழகியவருக்கு, ஐந்தாம் அடி என்பது எங்கிருந்தோ வந்து நிற்கும் ஒரு வெற்றிடம்.

கருவிகளும் நான்கின் பக்கமே சாய்ந்தன. 1980இல் வந்த ரோலண்ட் டி.ஆர்-808 தாள இயந்திரத்தின் முகப்பிலேயே பதினாறு பொத்தான்கள் வரிசையாக இருந்தன: நான்கு நான்குகள். 1987இல் வெளியான எஸ்.பி-1200 மாதிரிக் கருவியில் ஏறத்தாழ பத்து விநாடி ஒலியை மட்டுமே சேமிக்க முடிந்தது. நிமிடத்துக்குத் தொண்ணூறு அடி என்ற வேகத்தில் நான்கடிச் சுற்று ஒன்று 2.7 விநாடிக்குள் முடியும். ஏழடிச் சுற்றோ ஏறத்தாழப் பாதி நினைவகத்தை விழுங்கிவிடும். ஒற்றைப்படைத் தாளத்தில் அமைந்த பழைய இசைத்தட்டு கிடைத்தால் அதன் ஓர் அடியை வெட்டியோ, ஒரு துண்டை இருமுறை ஒலிக்கவிட்டோ நான்காக்கிக்கொள்வதே பொதுவழக்கமாயிற்று.

எல்லையைத் தாண்டிய முயற்சிகள் இல்லாமல் இல்லை. கன்யே வெஸ்ட் 2004இல் வெளியிட்ட 'ஸ்பேஸ்ஷிப்', மார்வின் கேயின் 'டிஸ்டன்ட் லவர்' பாடலை அடியாகக் கொண்டு, மும்மூன்றாக அசையும் நடையில் செல்கிறது. ஆனால் என் பார்வையில் மிக நுட்பமான மீறல் அவுட்காஸ்ட் இரட்டையரில் ஒருவரான ஆந்த்ரே 3000 உருவாக்கிய 'ஹே யா!' (2003). ராப் பாடல் என்பதைவிட ராப் கலைஞர் எழுதிய பாப் பாடல் என்பதே அதற்குப் பொருந்தும். மூன்று நான்கடிச் சுற்றுகள், பிறகு ஓர் இரண்டடிச் சுற்று, மீண்டும் இரண்டு நான்கடிச் சுற்றுகள்; மொத்தம் இருபத்திரண்டு அடி. பாடல் முழுவதும் இதே வட்டம்தான். அமெரிக்க பில்போர்ட் பட்டியலில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்த பாடல் இது. உலகெங்கும் ஆடியவர்களில் எத்தனை பேர் அந்தக் குறைச் சுற்றைக் கவனித்திருப்பார்கள்? மீறியது இரட்டைப்படை எண் என்பதால் கால் பிசகவில்லை. ஸ்னேரின் இடம் புரளவில்லை. தடுமாறுவது மெட்டு மட்டுமே. இசையை முன்னோக்கி உந்தும் விசை அந்தத் தடுமாற்றத்திலிருந்தே பிறக்கிறது.

இன்னொரு வழியை டெட்ராய்ட் நகரின் ஜே டில்லா (1974–2006) கண்டார். அவர் நான்கை மாற்றவில்லை. நான்கின் உட்புறத்தை மாற்றினார். ரோஜர் லின் வடிவமைத்து 1988இல் அகாய் வெளியிட்ட எம்.பி.சி-60இலும் அதன் வழித்தோன்றல்களிலும், பிசகி விழும் அடிகளைக் கட்டத்துக்குள் இழுத்து நேராக்கும் வசதி இருந்தது. அந்த நேர்மையை டில்லா தன் விருப்பப்படி கலைத்தார். ஒரு வாத்தியம் சீராக நடக்க, இன்னொன்று சாய்ந்து நடக்க, ஸ்னேர் ஒரு மயிரிழை முந்தி விழும். நேர்நடையும் சாய்நடையும் ஒரே நேரத்தில் மோதும் இதனை மூன்றாவதொரு கால உணர்வு என்றே டான் சார்னஸ் தம் 'டில்லா டைம்' (2022) நூலில் வாதிடுகிறார். குவெஸ்ட்லவ் போன்ற தேர்ந்த ட்ரம் கலைஞர்கள், தாங்கள் ஆண்டுக்கணக்கில் பயின்ற துல்லியத்தை விட்டுவிட்டு, இயந்திரத்தில் பிறந்த இந்தத் தள்ளாட்டத்தைக் கைகளால் வாசிக்கக் கற்றார்கள். டில்லா தம் முப்பத்திரண்டாம் பிறந்தநாளில் 'டோனட்ஸ்' தொகுப்பு வெளியான மூன்றாம் நாள் மறைந்தார். அவருடைய எம்.பி.சி-3000 பின்னர் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் ஒன்றைச் சென்றடைந்தது.

இன்றைய கணினி மென்பொருள்களில் தாள அளவை மாற்ற ஓர் எண்ணைத் திருத்தினால் போதும்; பதினொன்றிலும் பதின்மூன்றிலும் ஹிப் ஹாப் செய்வது எவருக்கும் இயலும். ஆனால் எண்ணை மாற்றுவது எளிதாகிவிட்ட காலத்தில்தான், அந்த எண் யாருடைய காலுக்காக வந்தது என்ற கேள்வி முக்கியமாகிறது. ப்ராங்க்ஸில் கூடியவர்கள் நான்கைத் தேர்ந்தது அதற்கு மேல் எண்ணத் தெரியாததால் அல்ல, சேர்ந்து ஆட வேண்டியிருந்ததால். அதை மறந்து செய்யப்படும் ஏழடித் தாளம் கணக்குப் பயிற்சியாக நின்றுவிடக்கூடும். 'ஹே யா!'வை விரல்விட்டு எண்ணியபடி ஒருமுறை கேட்டுப் பாருங்கள்; பிறகு எண்ணாமல் ஒருமுறை. வாசலைப் பெயர்க்காமலே வீட்டை விரிவாக்க முடியும் என்பது விளங்கும்.